வழக்கேடு காக்கும் கந்தோர்: குடாநாட்டு நீதிமன்றப் பதிவகம் ஒன்றின் சேவை பற்றி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள மாவட்ட நீதிமன்றம் ஒன்றின் பதிவாளர் கந்தோரில், அம்மாவின் சீதனக் காணி தொடர்பான பழைய பங்கு வழக்கொன்றின் (பலருக்குப் பொதுவான காணியைப் பங்காளரிடையே பிரிக்கும் வழக்கு) இறுதித் தீர்ப்பாணைக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கும் அலுவல் அண்மையில் எனக்கு நிறைவேறியது. புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, தனியார் வைத்தியசாலை என்று எல்லாவற்றையும் மதிப்பிட்டு எழுதுகிறோம். காணி வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் என்றோ ஒருநாள் போய் நிற்க நேரும் இந்தக் கந்தோரைப் பற்றி, அங்கே எதைக் கேட்கலாம், எது கைக்குக் கிடைக்கும், எதற்காக அலைய வேண்டிவரும் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. எந்த நீதிமன்றம் என்பதை நான் குறிப்பிடப் போவதில்லை. நான் கண்ட குறைகள் அந்த ஓரிடத்துக்கே உரியவை அல்ல என்பது வேறு நீதிமன்றங்களுக்குப் போய்வரும் உறவினரும் அயலவரும் சொல்வதிலிருந்து தெரிகிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே வேலை செய்பவர்கள் தரும் சேவை நல்லது, பழைய வழக்குகளைத் தேடுவதற்கு அவர்கள் கையில் இருக்கும் வசதி அந்தச் சேவைக்கு ஈடாக இல்லை.

நீதிபதியின் முன் ஒரு வழக்கு அழைக்கப்படும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களே. மிகுதி நாளெல்லாம் அது பதிவாளர் கந்தோரிலேயே இருக்கிறது. வழக்காளியின் வழக்குரையை ஏற்று இலக்கமிடுவது, முத்திரைக் கட்டணம் சரியா என்று பார்ப்பது, அழைப்பாணையை எழுதிப் அதைச் சேர்ப்பிக்கும் பிஸ்கால் பகுதிக்கு அனுப்புவது, எதிராளியின் மறுமொழியை வழக்கேட்டில் சேர்ப்பது, சான்றாகக் குறிக்கப்பட்ட காணி உறுதிகளைப் பத்திரப்படுத்துவது, தீர்ப்பு வந்தபின் தீர்ப்பாணையை எழுத்தில் அமைப்பது ஆகிய எல்லாம் பதிவாளரின் பொறுப்பில் எழுதுவினைஞர்கள் செய்யும் வேலைகள். 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 92 ஆம் பிரிவு, வழக்குத் தொடங்கியது முதல் நடப்பவை யாவற்றையும் நடந்த ஒழுங்கிலேயே குறித்து வரும் நாட்குறிப்பு ஒன்று ஒவ்வொரு வழக்குக்கும் இருக்க வேண்டும் என்றும், குறிப்புகளில் நீதிபதி திகதியிட்டு ஒப்பமிட வேண்டும் என்றும், அதுவே வழக்கின் முதன்மைப் பதிவாகும் என்றும் விதிக்கிறது. அந்தக் கோவை இயற்றப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த ஒழுங்கு குலையவில்லை. 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் பழைய நடைமுறையை மாற்றி அமைக்க முயன்றது. ஆனால் சில ஆண்டுகளிலேயே பழைய கோவை மீண்டும் நடைமுறைக்கு வந்தது, 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் இன்றுள்ள நீதிமன்ற அமைப்பை வகுத்தது.

குடாநாட்டில் எழுத்தில் பதிந்து வைக்கும் வழக்கம் இந்தக் கோவைக்கும் மிக முந்தியது. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப்பின் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் காணிகளையும் அவற்றின் உடைமையாளரையும் தோம்புகளில் எழுதினார்கள். வரி வாங்குவதற்காக எழுதப்பட்டவையே ஆனாலும், யாருடைய காணி எது என்பதற்கு அவையே சாட்சியாக நின்றன. இங்குள்ள வழமைகளை எழுத்தில் தருமாறு ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் பணித்ததன்பேரில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை என்ற நிருவாக அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706 இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்டபின் 1707 இல் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தார்கள். சீதனம், முதுசம் (முன்னோர்வழி வந்த சொத்து), தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று நாம் வீட்டில் பேசும்போது சொல்கிற சொற்கள் இன்றும் அந்தக் கந்தோரின் கருமபீடத்தில் சட்டச் சொற்களாகவே புழங்குவதற்கு இதுதான் காரணம்.

மாவட்ட நீதிமன்றம் என்ற அமைப்பு பிரித்தானிய ஆணையாளர்களான கோல்புறூக், கமரன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தால் வந்தது. அதற்கு முன் இருந்த மாகாண நீதிமன்றங்களும் பிறவும் நீங்கி, ஒரு நீதிபதியும் அவருடன் மூன்று துணையாளரும் அமரும் மன்றங்கள் நாடு முழுவதும் ஏற்பட்டன. இன்று பதிவாளர் பார்க்கும் வேலையைப் பார்த்தவர் அக்காலத்தில் மாவட்ட நீதிமன்றச் செயலாளர் என்று அழைக்கப்பட்டார். அடுத்து வந்த 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் எழுத்திலும், உறுதி எழுதும் நொத்தாரிசின் முன்னிலையிலும் நடக்க வேண்டும் என்றாக்கியது. அதுவரை வாய்ச்சொல்லிலும் ஊரார் அறிவிலும் நின்ற உரிமைகள் காகிதத்துக்கு வந்தன. காகிதம் வந்ததும் காகிதத்தின்மேல் வழக்குகளும் வந்தன. ஒரு காணியைப் பல பங்காளர் பிரிக்காமலே ஆண்டுவரும் வழக்கம் இங்கே மிகுதி என்பதால் பங்கு வழக்குக்குக் குறைவே இருந்ததில்லை. அதற்கு 1863 இல் தனிக் கட்டளைச் சட்டமும், 1951 இல் 16 ஆம் இலக்கச் சட்டமும், 1977 இல் 21 ஆம் இலக்கச் சட்டமும் செய்யப்பட்டன. நான் தேடிப்போன தீர்ப்பாணை 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது.

இனி, கருமபீடத்தில் நடந்ததற்கு வருகிறேன். வாசலிற் சோதனை முடிந்து, தொலைபேசியை நிறுத்தி உள்ளே போனால், அன்றைய வழக்குப் பட்டியல் தமிழில் அச்சிடப்பட்டுப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து நிற்பவர்களைக் கடந்துபோனால் பதிவாளர் கந்தோர். எனக்கு முன்னால் நின்ற வயோதிபர் ஒருவருக்கு எழுதுவினைஞர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த அழைப்பாணை வேறொரு நீதிமன்றத்துக்கு உரியது. இருந்தும் அவரை வெறுமனே திருப்பி அனுப்பாமல், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், தவணை நேரத்துக்குப் போய்ச்சேர முடியுமா என்பதுவரை விளக்கினார். என் முறை வந்தபோது, “வழக்கு இலக்கம் தெரியுமோ ஐயா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “இலக்கம் தெரியாட்டில் பரவாயில்லை, ஆற்றை பேரிலை போட்ட வழக்கு, எந்த வருசமளவிலை எண்டு சொல்லுங்கோ, பாப்பம்” என்றார். அரச கந்தோர்களில் “இலக்கம் இல்லாட்டில் ஒண்டும் செய்யேலாது” என்ற பதிலைக் கேட்டுப் பழகிப்போன நமக்கு இந்த “பாப்பம்” எவ்வளவு பெரிய உதவி என்பது போய் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அங்கேதான் சேவையின் பெரிய குறையும் தொடங்குகிறது. வழக்குகள் தாக்கல் செய்யப்பட்ட ஒழுங்கில், இலக்கவாரியாகத் தடித்த பதிவேடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே முதல் வழக்காளியின் பெயரும் முதல் எதிராளியின் பெயரும் வழக்கின் வகையும் உள்ளன. பங்கு வழக்கொன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் எதிராளிகளாக இருப்பது சாதாரணம். என் பாட்டனார் அவர்களில் நடுவில் எங்கோ ஒருவர். முதல் வழக்காளி யார் என்பது வீட்டில் ஒருவருக்கும் நினைவில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நினைவில் நின்றது காணியின் பெயர் மட்டுமே. நம் ஊர்களில் ஒவ்வொரு வளவுக்கும் தோட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கலட்டி என்றும் புளியடி என்றும் இலுப்பையடி வளவு என்றும் மூன்று தலைமுறைக்குப் பின்னும் பேரப்பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள். எனினும் காணிப் பெயரைக் கொண்டு வழக்கைத் தேடுவதற்கு அந்தக் கந்தோரில் ஓர் அட்டவணையும் இல்லை. எழுதுவினைஞர் ஒரு பதிவேட்டை எடுத்து, விரலை வரிவரியாக இறக்கி, தூசிக்குத் தும்மி, அடுத்த பதிவேட்டைத் தூக்கினார். பெயர் ஒத்த வழக்கு ஒன்று கிடைத்தது. ஆனால் அது கடன் வழக்கு. கருமபீடத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டதால் அவரால் தொடர முடியவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

வழி காட்டியவரும் அவரே. “காணிப் பதிவகத்திலை அந்தக் காணியின்ரை ஏட்டைப் பாருங்கோ, வழக்கு இலக்கம் அதிலை விழுந்திருக்கும்” என்றார். இதை நான் இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம், பழைய பங்கு வழக்கைத் தேடும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள குறிப்பு இல்லை என்பதே. பங்கு வழக்குத் தொடுப்பவர், இந்தக் காணிமீது வழக்கு நிலுவையில் உள்ளது என்ற அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்பது 1951 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது, 1977 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே காணியின் பதிவேட்டு ஏட்டில், உறுதிகளின் விபரங்களுக்கிடையே, நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு இலக்கமும் பதியப்பட்டிருக்க வேண்டும். உங்களிடமுள்ள ஏதாவது ஒரு பழைய உறுதியின் ஓரத்தில் அல்லது கடைசிப் பக்கத்தில் பதிவின் தொகுதி இலக்கமும் ஏட்டு இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். அதைக் கொண்டு தேடற்கட்டணம் செலுத்தினால் ஏட்டைப் பார்க்கலாம். 1887 இல் பதிவாளர் நாயகம் பதவியை ஏற்ற சேர் பொன்னம்பலம் அருணாசலம் காணிப் பதிவுப் பகுதியைச் சீராக்கியவர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் அந்தப் பதிவகத்தை நடத்துகிறது. ஒரு காணிக்கு ஓர் ஏடு என்ற அந்த ஒழுங்கு நீதிமன்றப் பதிவகத்தில் இல்லாத குறையை அன்று நான் நன்றாக உணர்ந்தேன். காணிப் பதிவகத்தில் எழுதியெடுத்த இலக்கத்துடன் திரும்பி வந்தபோது, வழக்கேட்டைக் கொண்டுவரப் பதிவறைக்குப் போனவர் அதிக நேரம் எடுக்கவில்லை.

அந்த வழக்கேட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நீளவாக்கில் மடித்து, வெள்ளை நாடாவால் குறுக்கே கட்டி, மேல்தாளில் இலக்கமும் கட்சிக்காரர் பெயரும் மையால் எழுதப்பட்ட ஒரு கட்டு. நாடாவை அவிழ்த்ததும் முதலில் வருவது நாட்குறிப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்ட குறிப்புகள்; ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி; ஓரத்தில் திகதி, கீழே நீதிபதியின் சுருக்க ஒப்பம். வழக்குத் தாக்கல், நில அளவையாளருக்கு ஆணை, அவர் காணிக்குப் போன செய்தி, ஓர் எதிராளி இறந்ததால் அவருடைய பிள்ளைகளைச் சேர்த்தது, மழையால் அளவை தள்ளிப்போனது, தவணை, மீண்டும் தவணை. அதன்கீழ் வம்சவழி. எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதி வைக்காத நான்கு தலைமுறைப் பெயர்கள், யார் யாரை மணந்தார், யார் பிள்ளையின்றி இறந்தார் என்ற விபரத்தோடு, ஒரு தாளில் தட்டச்சில் இருந்தன. கடைசியில் நில அளவையாளரின் வரைபடம்: துணிபோன்ற தாளில் கறுப்பு மையில் எல்லைகள், கிணறு ஒரு சிறு வட்டமாக, பனைகளின் எண்ணிக்கை, கிணற்றுக்குப் போகும் வாய்க்காலும் வழியும் எந்தத் துண்டுக்கு உரியவை என்ற குறிப்பு, ஒவ்வொரு துண்டுக்கும் பரப்பு, குழி என்ற நம் அளவைகளில் அதன் அளவு. இன்றைக்கு எங்கள் அயலவருடன் இருக்கும் பிணக்கு அந்த வழியைப் பற்றியதே. பதில் அங்கே, வரைபடத்தின் தென்மேற்கு மூலையில், அரை அங்குல நீளத்தில் இருந்தது. இறுதித் தீர்ப்பாணை எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று பங்குச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு சொல்வதால், அந்த மூலைக்கு எந்த உறுதியையும்விடப் பலம் அதிகம்.

பிரதி கேட்பதற்கான விண்ணப்பம் சிக்கலானதன்று. வழக்கின் கட்சிக்காரர், அவருடைய வாரிசு அல்லது அக்கறையுள்ளவர் என்பதைக் காட்ட வேண்டும். நான் பாட்டனாரின் இறப்புப் பதிவையும் அம்மாவின் பிறப்புப் பதிவையும் கொண்டுபோயிருந்தேன். கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டை விண்ணப்பத்துடன் இணைத்தால் போதும். பிரதி தரச் சொன்ன நாளில் பிரதி ஆயத்தமாக இருந்தது. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், பார்வையிட உரிமையுள்ள ஒருவர் கட்டணம் செலுத்திக் கேட்கும்போது, பொது ஆவணத்தைக் காக்கும் உத்தியோகத்தர், இது உண்மைப் பிரதி என்று எழுதி, திகதியும் பெயரும் பதவியும் இட்டு, முத்திரை இருப்பின் முத்திரையும் குத்தித் தர வேண்டும் என்கிறது. என் பிரதியில் எல்லாப் பக்கங்களிலும் முத்திரை இருந்தது, வரைபடத்தைத் தவிர. எனக்கு முக்கியமான தாளே அதுதான். நொத்தாரிசு பக்கம் பக்கமாகப் புரட்டி வந்து வரைபடத்தில் நின்றார். முத்திரை இல்லாமல் அதை ஏற்க முடியாது என்றார். அவர் சொன்னது சரி. திரும்பவும் கந்தோருக்குப் போனபோது பதிவாளரே வெளியே வந்து, “பிழை எங்கடை பக்கம்தான் ஐயா, இருங்கோ” என்று சொல்லி, மூலத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தபின் முத்திரையும் ஒப்பமும் இட்டார். மூலத்தைப் பாராமலே குத்தித் தந்திருக்கலாம். அப்படிச் செய்யாததை நான் பெரிதாக மதிக்கிறேன். பிரதியைக் கையில் வாங்கியதும் கருமபீடத்தை விட்டு நகருமுன் ஒவ்வொரு தாளையும், குறிப்பாக மடித்து வைத்த வரைபடத்தை, விரித்துப் பாருங்கள்.

மொழி இன்னொரு சிக்கல். இன்று வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நீதிமன்றங்களில் பதிவும் நடவடிக்கையும் தமிழில் நடக்கின்றன. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அதற்கு இடமளிக்கிறது. இது சிறிய பேறன்று. தன் வழக்கின் நாட்குறிப்பைத் தானே வாசித்து விளங்கிக்கொள்ளும் உரிமை நம் பாட்டன்மாருக்கு இருக்கவில்லை. அவர்கள் காலத்து ஏடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. கையெழுத்துக் குறிப்புகளோ ஆங்கிலம் அறிந்தவருக்கே மங்கலானவை. ஆகவே பிரதி கையில் வந்தாலும், அதைத் தமிழில் பயன்படுத்தச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரை வெளியே தேடிப் பிடித்து, தாளுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் திறந்த மன்றின் வேலையிலேயே மூழ்கியிருக்கிறார்கள். அவர்களிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கருமபீடத்தில் தொங்கவிடுவது கடினமான காரியமா?

நான் காத்திருந்த வாங்கில் பக்கத்தில் இருந்த பெண்ணின் அலுவல் என்னுடையதைவிடப் பாரமானது. மகளுக்குச் சீதனம் எழுதத் தன் பெயரிலுள்ள காணியைக் கொடுக்க வேண்டும். கணவர் போர்க் காலத்தில் காணாமற் போனவர். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது. அவர் கைவிட்டுச் சென்றாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றி மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்று அதே சட்டம் வழிவிடுகிறது. தன் காணியைத் தான் கொடுக்க ஒரு பெண் இப்படி மன்றேற வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருவது. சட்டம் மாறவேண்டும் என்பதே என் எண்ணம். அது கந்தோரின் கையில் இல்லை. கந்தோரின் கையில் இருந்ததை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். சத்தியக்கடதாசியை வாசித்த பெண் உத்தியோகத்தர், “அம்மா, சமாதான நீதவான்ரை முத்திரை சரி. கலியாணப் பதிவின்ரை மூலத்தையும், காணாமற் போனதுக்கான சான்றையும் கொண்டு வாங்கோ, உங்கடை லோயரிட்டையும் நான் சொல்லிவிடுறன்” என்று தணிந்த குரலில், மற்றவர் காதில் விழாதபடி சொன்னார். காணாமற்போனமைக்கான சான்றிதழை 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க இறப்புப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) திருத்தச் சட்டத்தின் கீழ்ப் பெறலாம் என்பதை அறியாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

போரின் சேதம் பதிவறைகளையும் விட்டுவைக்கவில்லை. 1990 இல் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையின்போது அதைச் சூழ்ந்த பகுதி இடிபாடானது. 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமமே ஓரிரவில் வெளியேறியது. நீதிமன்றங்களின் வேலை நீண்டகாலம் தடைப்பட்டது. எல்லா ஏடுகளும் தப்பவில்லை. உங்கள் வழக்கேடு கிடைக்கவில்லை என்று பதிவாளர் எழுதித் தந்தால் அத்துடன் நின்றுவிட வேண்டாம். தீர்ப்பாணை பதியப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தின் ஏட்டில் அதன் சுருக்கம் இருக்கும். நொத்தாரிசுகள் எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்குப் போக வேண்டும் என்பது சட்டம் என்பதால், வீட்டிலுள்ள உறுதி எரிந்திருந்தாலும் அந்தப் பிரதி மிஞ்சியிருக்கலாம். பிறர் பத்தாண்டு ஆண்டதால் உரிமை போய்விட்டதாக அஞ்சுபவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் மன்றேற முடியாதிருந்தவர்களைக் கருதி 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் செய்யப்பட்டது. அது குறித்த காலத்துக்குள் பயன்படுத்த வேண்டியிருந்த சலுகை என்பதால், உங்கள் நிலையைச் சட்டத்தரணியிடமே கேளுங்கள். எழுதுவினைஞரிடம் சட்ட ஆலோசனை கேட்பவர்களைப் பார்த்தேன். அவர்கள் அதைச் சொல்லக் கூடாது, சொல்லாததால் அவர்கள்மேல் கோபிப்பதும் முறையன்று.

அமெரிக்காவின் வேர்ஜினியாவில் குடியேறிய உறவினர் ஒருவருடன் இதைப்பற்றிப் பேசியபோது, அங்கே நீதிமன்ற எழுத்தரின் கந்தோர் ஒன்றிலேயே காணி உறுதி, மரண சாசனம், திருமண அனுமதிப் பத்திரம், வழக்கேடு எல்லாம் இருப்பதாகச் சொன்னார். அங்கு நம் மாவட்டம் போன்ற நோர்தம்ரன் கவுன்ரியின் ஈஸ்ற்விலில் 1632 முதல் இடையறாத நீதிமன்றப் பதிவுகள் உள்ளன. அந்நாட்டின் மிகப் பழைய தொடர்ச்சியான பதிவுகள் அவை. எழுத்தரை அங்கே மக்கள் எட்டாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தெரிகிறார்கள். நம்மிடம் வழக்கேட்டுக்கு நீதிமன்றம், உறுதிக்குக் காணிப் பதிவகம், பிறப்பு இறப்பு திருமணத்துக்குப் பிரதேச செயலகம் என்று மூன்று வாசல்கள். ஒரே வாசல் வசதிதான், ஆனாலும் தேர்தல் முறை நமக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. நீதிச் சேவை ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரு பதிவாளர், ஊரில் யாருடைய வாக்கையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. சிறிய ஊர்களில், எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் இடத்தில், அது பெரிய காப்பு. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பெயரையும் காணியையும் கொண்டு தேடும் வசதி.

இருக்கைகள் போதாது, மலசலகூடம் சுத்தம், குடிதண்ணீர் உண்டு. கட்டண விபரம் சுவரில் ஒட்டப்படாததால், வாசலில் நிற்கும் தரகர்கள் சொல்லும் தொகையை நம்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பற்றுச்சீட்டுடன் கட்டும் தொகை அதில் ஒரு சிறு பங்கு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள ஒருவருக்கு, தம் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுத்தே இந்த அலுவலைச் செய்விக்க முடியும். எழுதும்போது காணி விற்பதற்கான அதிகாரத்தை மட்டும் எழுதாமல், நீதிமன்றப் பதிவுகளைப் பார்வையிடவும் பிரதி பெறவும் அதிகாரம் என்று தனியே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாத பத்திரத்துடன் வந்த ஒருவரை என் கண்முன்னே திருப்பி அனுப்பினார்கள். போகுமுன் காணிப் பதிவகத்தில் வழக்கு இலக்கத்தை எழுதியெடுங்கள், வாரிசுரிமை காட்டும் பதிவுகளின் மூலங்களை எடுத்துச் செல்லுங்கள், மன்று கூடி ஓய்ந்து எழுதுவினைஞர்களுக்குச் சிறிது அவகாசம் கிடைக்கும் வேளையாகப் பார்த்துப் போங்கள். பங்கு வழக்குகளுக்கு மட்டுமாவது காணிப் பெயரும் கிராமமும் கொண்ட ஓர் அட்டவணையைத் தயாரிக்குமாறு பதிவாளரிடம் எழுத்தில் ஒரு வேண்டுகோள் கொடுத்திருக்கிறேன். அதைப் பெற்றுக்கொண்டதாகத் திகதியிட்டு ஒப்பமும் தந்தார்.